அணைந்தது நெருப்பா, நலமா?

காசாப்ளாங்காவில் யாரிடம் போய், "தொழில்நுட்ப எழுத்து படிக்கிறேன்" என்று சொன்னாலும், "அப்படீன்னா?" என்றுதான் கேட்பார்கள். துரியா பெஞ்செக்ரூன் ஐந்து வருஷம் அதற்குப் பதில் சொல்லியே ஓய்ந்து போனாள்.

"மிஷின் வாங்கினா கூடவே ஒரு தாள் வருதில்ல, அதை எழுதுற படிப்பு," என்பாள்.

"அதை எவன் படிக்கிறான்?" என்பான் அண்ணன் இத்ரீஸ்.

"எவனும் படிக்கலைன்னுதான் நான் போயிருக்கேன்."

அவளைப் போல ஒரு பிடிவாதக்காரி அந்த வகுப்பிலேயே கிடையாது. எழுதிய தாளை யார் கையிலாவது கொடுப்பாள். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். படிக்கிறவர் எங்கே தடுமாறினாலும் தப்பு தன்னுடையது என்று போய்த் திருத்துவாள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களைக்கூட விட்டதில்லை, மகராசி.

கடைசி வருஷம் ஒரு கேஸ் கீசர் கம்பெனிக்குக் குறிப்பு எழுதினாள். தேர்வன்று கம்பெனி அதை ஒப்புக்கொண்டால் அங்கேயே வேலை. ஒரே ஒரு வரியில் வந்தது வினை. "ஆஃபியா அணைந்தால் கேஸை மூடு, ஜன்னலைத் திற" என்று எழுதியிருந்தாள். மொராக்கோ வீடுகளில் ஆஃபியா என்றால் நெருப்பு. கிழக்கே இருக்கும் அரபு நாடுகளில் அதே சொல்லுக்கு உடல்நலம் என்று பொருள். கம்பெனி மேலாளர் நஷ்அத்தோ கிழக்கே அம்மான் நகரத்துக்காரர்.

"நலம் அணைஞ்சா கேஸை மூடணுமா? ஊரே சிரிக்கும்மா," என்று அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "லஹப்" என்று போட்டார். சுவாலைக்கு ஏட்டுச் சொல் அது. "இதை மாத்தினா நான் கையெழுத்து போடமாட்டேன்."

மூன்று நாள் துரியா தன் தாளையும் அவர் திருத்திய தாளையும் மாற்றி மாற்றிப் படித்தாள். வேலையோ கட்டாயம் வேண்டும். ஆனால் கீசர் கேஸில் மூச்சடைத்துச் செத்தவர்களின் செய்தி குளிர்காலந்தோறும் வருகிற ஊர் இது. கடைசியில் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போனாள்.

மேசைமேல் கேஸ் இணைக்காத கீசர் ஒன்று. எதிரே மூன்று பேராசிரியர்கள், பக்கத்தில் நஷ்அத். கல்லூரிச் சமையலறையில் வேலை பார்க்கும் யெஸ்ஸா புதினாத் தேநீர் கொண்டுவந்தாள்; எல்லோரும் மரியாதையாக லல்லா என்று கூப்பிடுகிறவள். பள்ளிவாசல் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். துரியா அவளை நிறுத்தினாள்.

"லல்லா, குளிச்சுட்டு இருக்கீங்க, திடீர்னு தண்ணி சில்லுன்னு ஆயிடுச்சு. இந்தத் தாள்ல இருக்கிறபடி செய்ங்க."

மேலாளர் திருத்திய தாள் அது. யெஸ்ஸா எழுத்துக் கூட்டினாள். "லஹப்... அபூ லஹபா? குர்ஆன்ல சாபம் வாங்கின அந்தப் பாவிக்குக் குளியலறையில என்ன வேலை?"

எல்லோரும் சிரித்தார்கள். யெஸ்ஸா அந்த வரியைத் தாண்டிப்போய், மறுபடி பற்றவைக்கும் பொத்தானை அமுக்கினாள். கேஸ் திருகு திறந்தபடியே இருந்தது. துரியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நஷ்அத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

துரியா இரண்டாவது தாளைக் கொடுத்தாள். "ஆஃபியா அணைந்தால்" என்று படித்ததுமே யெஸ்ஸாவின் கை திருகுக்குப் போனது. மூடினாள். மீதி வரியையும் படித்துவிட்டு, நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். மழைக் காற்று உள்ளே வந்தது.

"இந்தத் தாள் அம்மானுக்கும் போகணுமே," என்றார் நஷ்அத்.

"அவங்களுக்கு அவங்க பேச்சுல வேற தாள் எழுதணும் சார்."

"ஒரு கீசருக்கு எத்தனை தாள்?"

"எத்தனை பேச்சோ அத்தனை."

நஷ்அத் தான் திருத்திய தாளைத் தன்பக்கம் இழுத்தார். பிறகு தான் எழுதிய சொல்லைத் தானே அடித்துவிட்டு, துரியாவின் தாளில் கையெழுத்துப் போட்டார்.

யெஸ்ஸா தேநீர்க் குவளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். "இதை எழுதவா மகளே அஞ்சு வருஷம் படிச்சே? இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

துரியாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. இதைவிடப் பெரிய பாராட்டை அதுவரை ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"ஆமா லல்லா," என்றாள்.