பெண்ணாகப் பேசிய பாட்டும் சலோமி அம்மாளும்

விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் வந்த சபை உபதேசியார் பள்ளிக்கூட வாசலிலேயே என்னை நிறுத்தி, "டீச்சரம்மா ஜுரத்துல போய்ட்டாங்க ஐயா" என்றார். திண்டிவனம் மிஷன் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த சலோமி அம்மாளுக்கு நான் அஞ்சலி எழுத நேரும் என்று நினைத்ததேயில்லை. ஓயாமல் கேள்வி கேட்பவர்கள் சாகமாட்டார்கள் என்று எனக்கு ஓர் அசட்டு நம்பிக்கை.

யுத்தத்துக்கு முன் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தமிழ்ப் பண்டிதனான என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "ஆம்பளப் புலவரு தலைவியா மாறிப் பேசறாரே, கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா ஐயா?"

அழுவார்கள் என்றேன்.

"எபிரேயத்துலயும் அப்படித்தாங்க" என்றார். பெங்களூரில் வேதாகமம் படித்தபோது யூதர்களின் அந்த மொழியையும் கற்றவர் அவர்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு யூதப் புலவர் பாடிய துதிப்பாட்டை வெகுகாலமாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். அதில் நாடிழந்த ஜனம் முழுவதும் ஒரே பெண். கடவுள் அவளிடம் பேசுகிறார், அவள் பதில் சொல்கிறாள். அவர்கள் மொழியில் 'நீ' என்றாலே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுமாம். அந்தப் பெண்பால் விகுதியே வரிக்கு வரி இயைபாக வந்து ஒலிக்குமாம். இலக்கணத்தைக் கொண்டே அழவைக்க முடியுமா என்று எனக்கு வியப்புத் தாளவில்லை.

நம் 'நீ'யில் அதற்கு இடம் ஏது? வரிதோறும் 'பெண்ணே' என்று சேர்த்துப் பார்த்தார். "வளையல்காரர் கூவுற மாதிரி இருக்குதுங்க டீச்சர்" என்று கிண்டல் செய்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. சில நாள் யோசித்துவிட்டு, "எழுதி ஆவாதுங்க. பதில் வரிய ஒரு பொம்பள வாய் தொறந்து படிக்கணும்" என்றார்.

போன ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், விழுப்புரத்தில் தம் சொந்தச் சபையில் அதைப் படிக்க அனுமதி கேட்டார். "பொம்பள பீடத்துல நின்னு படிக்கிற வழக்கம் இல்லம்மா" என்று மூப்பர் மறுத்தார். இத்தனை வருஷ உழைப்பும் பெட்டிக்குள் போய்விடுமே என்று நான் வருந்தினேன். அவரோ, "பீடம் வேணாங்க. பாய்லயே ஒக்காந்துக்கினு படிக்கிறேன்" என்றார். பாயில் உட்காரக் கூடாது என்று வழக்கம் எதுவும் இல்லாததால் மூப்பர் ஒப்புக்கொண்டார்.

வேடிக்கை பார்க்க நானும் போய் வாசலருகே நின்றேன். போதகர் கடவுளின் வரியைப் படித்தார்: "நீ ஏன் என் வீட்டை விட்டுப் போனாய்?"

பெண்கள் பக்கத்திலிருந்து சலோமி அம்மாளின் குரல் வந்தது: "நானா போனேன்? துரத்தினார்கள்."

அவருக்குப் பக்கத்தில், மல்லாட்டைக் காட்டில் கடலை பறிக்கும் கூலிவேலை செய்யும் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். "ஆமாஞ்சாமி, தொரத்தினாங்க" என்றார் அவர். போதகர் தலைதூக்கிப் பார்த்தார். பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதப் பாடுன பொம்பள யாரும்மா, நம்ம பக்கமா?"

தூர தேசத்து ஆண் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சலோமி அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, நம்ம பக்கந்தான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பிடித்த கையை விடாமல் வெயிலில் இறங்கி அவரோடு நடந்தார்.

அப்படியே போய் வாருங்கள், டீச்சர்.