மிளகாய்க் காட்டுச் சாட்சி

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். வக்கீலை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். டைப்பிங்கில் நான் லோயர் மட்டும்தான் பாஸ். ஆனால் பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பொய்யர்கள் அடிக்கடி மூக்கைச் சொறிவார்கள் என்று ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன். என் தகுதி அவ்வளவுதான்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில், வரப்புத் தகராறில் ஒரு விவசாயியைப் பட்டப்பகலில் அரிவாளால் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கைதானவர் செத்தவருடைய பங்காளி. அவர்தான் எங்கள் கட்சிக்காரர். நேரில் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் அந்த ஊர் மளிகைக் கடைக்காரர். இன்னொருவர் பக்கத்துப் புஞ்சையில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்த நாற்பது வயது அம்மா.

கடைக்காரரை எல்லோரும் நம்பினார்கள். அவருக்கு மறுநாளே காய்ச்சல் வந்து, திருநீறு போட ஆள் கூப்பிட்டிருந்தார்கள். சம்பவத்தை யார் கேட்டாலும் முதலிலிருந்து சொல்வார். அரிவாள் ஓங்கும் இடம் வந்ததும் குரல் அடைத்து, சாக்கு மூட்டையின் மேல் சாய்ந்து தண்ணீர் கேட்பார்.

அந்த அம்மாவை யாரும் நம்பவில்லை. கொலையைப் பார்த்த பிறகும் பொழுது சாயும்வரை அவர் மிளகாய் பறித்திருக்கிறார். சாக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்திருக்கிறார். மறுநாள் போலீஸ் வந்து கேட்டபோதுதான் வாயைத் திறந்தார். அழவும் இல்லை.

கோவில்பட்டி கோர்ட் வாசல் டீக்கடையில் இதற்கு ஒரு தனி விசாரணையே நடந்தது.

"ஏலே, எங்க வீட்டுல பல்லி விழுந்தாலே தெருவு கூடிருது. இவ கொலையப் பாத்துட்டு மிளகா பறிச்சாளாம்லா!" என்றார் டீக்கடைக்காரர், டீயை ஆற்றியபடி.

"பொம்பளைன்னா மயங்கி விழுந்துருக்க வேண்டாமா?" என்றார் ஒரு பத்திர எழுத்தர். அவர் கொலை எதையும் பார்த்தவரல்ல. நானும் பார்த்ததில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினேன்.

விசாரணைக்குத் தூத்துக்குடி போகும் பஸ்ஸில் அந்த அம்மா எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தார். எட்டயபுரம் தாண்டியதும் தூங்கிவிட்டார். வாய் திறந்த, அசந்த தூக்கம். இறங்கியதும் ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"கொலைக் கேசுல சாட்சி சொல்லப் போறவ அப்படித் தூங்குவாளா அண்ணாச்சி? மனசுல ஒண்ணுமே இல்ல. பொய்தான். கூண்டுல ஒடஞ்சிருவா."

"நல்லாப் பாத்துருக்கடே" என்றார் அண்ணாச்சி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் மளிகைக் கடைக்காரர் கூண்டில் ஏறினார். அரிவாள் ஓங்கும் இடத்தில் வழக்கம்போலக் குரல் அடைத்தது. பின்பெஞ்சில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணாச்சி எழுந்து ஒரு கல்யாணப் பத்திரிகையையும் ஒரு போட்டோவையும் நீட்டினார். கொலை விழுந்த அதே நாள், அதே மத்தியான நேரம் கழுகுமலையில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பக்கத்தில் கையில் பன்னீர்ச் சொம்போடு சாட்சி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?"

கடைக்காரர் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். "நாந்தான் அய்யா" என்றார். "ஆனா மனசெல்லாம் ஊர்லதான் இருந்துச்சு."

நீதிபதியே சிரித்துவிட்டார். பாதி வழக்கு போனது என்று நான் நினைத்தேன். மீதிப் பாதி கூண்டில் ஏறியது. அண்ணாச்சி உற்சாகமாகக் கேட்டார்.

"வெட்டுனதப் பாத்ததும் கத்துனீங்களா?"

"இல்லய்யா."

"ஓடுனீங்களா?"

"மொத நாளு மழ பேஞ்சிருந்துச்சுய்யா. ஈரக் கரிசல்ல ரெண்டு எட்டு வச்சா கால்ல மண்ணு அப்பிக்கிடும். எங்கன ஓட?"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சரி. ஒரு மனுசன் வெட்டுப்பட்டுக் கெடக்கான். நீங்க பாட்டுக்கு மிளகா பறிச்சீங்க. யாரும்மா இத நம்புவா?"

"நிமிந்து நின்னா நான் பாத்தது அவியளுக்குத் தெரிஞ்சிரும்லாய்யா. குனிஞ்சு பறிச்சுக்கிட்டே இருந்தா, இவ ஒண்ணும் பாக்கலன்னு போயிருவாவ." வெட்டியவரையும் அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

அண்ணாச்சி அதோடு உட்கார்ந்திருக்கலாம். "அவரு போன பெறகும் சாயந்திரம் வரைக்கும் ஏன் பறிச்சீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"திரும்பி வந்தா என்ன செய்ய? வந்தாவய்யா, ரெண்டு தடவ. நான் தலையத் தூக்கல. வரப்புல அவிய காலு மட்டும் தெரிஞ்சுச்சு. கொஞ்ச நேரம் நின்னுச்சு. பெறகு போயிருச்சு."

நான் எங்கள் கட்சிக்காரரைப் பார்த்தேன். அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அந்த அம்மா தூங்கியது ஞாபகம் வந்தது. கொலை நடந்த நாளிலிருந்து அவர் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பார் என்று அப்போதுதான் முதன்முறையாக யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு அந்த அம்மா ஒருவருடைய வார்த்தையில்தான் நின்றது. கோவில்பட்டி டீக்கடை மட்டும் தன் தீர்ப்பை மாற்றவில்லை. "போலீஸ்காரன் நல்லாச் சொல்லிக்குடுத்துருக்கான்" என்றது. மளிகைக் கடைக்காரரைப் பற்றி, "பாவம், மனுசன் உண்மையத்தான் சொன்னாரு. தேதியிலதான் கொஞ்சம் தப்பு" என்றது.

மறுவாரம் அண்ணாச்சி மேல்முறையீட்டுக்குக் குறிப்புகள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். முதல் பாயிண்ட், சாட்சியின் நடத்தை இயற்கைக்கு மாறானது என்பது. கையை எடுத்துவிட்டு, "இது நிக்காதே அண்ணாச்சி" என்றேன்.

"நிக்காதுன்னு எனக்கும் தெரியும்டே. வேற என்ன இருக்கு? அடி."

அடித்தேன்.