பெயிண்ட் வாளியில் ஒரு அசேலியா

இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அம்மாவுக்குக்கூட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் படித்துவிட்டு அழித்துவிடுங்கள், ப்ளீஸ். யார் வீட்டு ஆள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று நம் கிளாஸ் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். அதுதான் பயம்.

போன வருடம் முழுப் பரீட்சை லீவில்தான் அந்தப் பூவை முதலில் தொட்டேன். ஈரமான டிஷ்யூ பேப்பர் மாதிரி இருந்தது. வாசனையே இல்லை. ஆனால் அந்த ரோஸ் நிறம்... இலையே தெரியாத அளவுக்குப் பூ.

ஒரகடத்தில் அம்மா ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் கம்பெனி காம்பவுண்டுக்குள் ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. அங்கே தங்கியிருந்த கொரிய மேடத்தின் செடி அது. பெயர் அசேலியா. மேடமே விசிட்டர் பாஸ் போட்டு என்னை வரச் சொன்னார்.

அவர் போனில் பேசுவார், போன் அதைத் தமிழில் சொல்லும். “இது மலைக் குழந்தை. சுண்ணாம்பு கொடுத்தால் அழும்” என்றது போன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வேர் மேலாகவே ஓடும், ஆழமாகப் புதைக்கக் கூடாது. மண் மக்கிய இலை மாதிரி லேசாக இருக்க வேண்டும். காலை வெயில் போதும். காயவும் விடக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. போர் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கும், ஆகாது என்று ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துத்தான் ஊற்றுவார். வாடிய பூவை, அடியில் இருக்கும் மொட்டில் படாமல் நகத்தால் கிள்ள எனக்குச் சொல்லிக் கொடுத்தார். வருடம் முழுக்க இலை பச்சையாகவே நிற்கும் என்றார்.

இந்த வருடம் மேடம் ஊருக்குப் போனார். செடியை அம்மாவிடம் விட்டுப் போனார். அறையைப் பூட்டியதும் ஏ.சி. நின்றுவிட்டது, அந்தத் தண்ணீரும் நின்றது. சூப்பர்வைசர்தான் வழி சொன்னார்.

“ஆர்.ஓ. மெஷின்ல வேஸ்ட் தண்ணி அவ்ளோ போவுது பாரு. அத்தப் புடிச்சி ஊத்துமா.”

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கும் அதைத்தான் ஊற்றுகிறோம். அதனால் அம்மாவுக்குத் தப்பாகத் தோன்றவில்லை. மெஷின் வடிகட்டிய உப்பு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் இருக்கும் என்று யார் நினைத்தோம்? நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளானது. ஓரம் கருகியது. பிறகு கொட்டத் தொடங்கியது.

செத்தால் வேலை போகும் என்று அம்மா பயந்தாள். வீட்டில் வைத்துப் பிழைக்க வைத்துவிடலாம் என்று வேரோடு பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றி, சாப்பாட்டுக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

கேட் பாஸ் இல்லாமல்.

உங்களுக்கே தெரியும். ஒரு உடைந்த துடைப்பம் வெளியே வருவதென்றாலும் அங்கே கேட் பாஸ் வேண்டும்.

அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளியில் செடியை வைத்தோம். சவுக்குத் தோப்பில் அள்ளிய சருகும், கழுவிய தேங்காய் நார்த் தூளும் போட்டோம். படப்பை மொபைல் கடை ஏ.சி.க்குக் கீழே நான் தினமும் பாட்டிலோடு நின்றேன். “இன்னாமா, இத்தக் குடிச்சா மார்க் வருமா?” என்று கடை அண்ணன் கிண்டல் செய்வார். சயின்ஸ் ப்ராஜெக்ட் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று சூப்பர்வைசர் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“செல்வி, தொட்டி காலியா கீது. செடி இன்னா, நடந்து போச்சா?”

“தெர்லண்ணா.”

“நாளான்னிக்கு மேடம் வராங்கோ. கேமராவப் போட்டுப் பாக்கப் போறேன். வெளிய போயிருந்துச்சின்னா திருட்டு கேசுதான், சொல்லிட்டேன்.”

போனை வைத்ததும் அம்மா போய் வாளியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு, “நானே எடுத்துகினு போயி மேடம் கையில குடுக்கறேன். அவங்க வாங்கிகினா எவன் திருட்டுன்னு சொல்லுவான்?” என்றாள்.

இன்று சாயங்காலம் பார்த்தேன். மொட்டையாக நின்ற ஒரு குச்சியின் நுனியில் பச்சையாக ஏதோ... அரிசி அளவுகூட இல்லை. தளிர்தான். அம்மாவுக்குக் காட்டினேன். வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு நைட் ஷிஃப்டுக்குப் போனாள். காலையில் வந்ததும் செடியை எடுத்துக்கொண்டு நேராக மேடத்திடம் போகப் போகிறாள்.

போன வருடம் கழுத்தில் பாஸ் மாட்டிக்கொண்டு இதே செடி பக்கத்தில் நின்று சிரித்தேன். மேடம் போட்டோகூட எடுத்தார். இப்போது அந்தச் செடியைப் பாத்ரூமில் ஒளித்து வைத்துவிட்டு, தெருவில் பைக் சத்தம் கேட்டாலே லைட்டை அணைக்கிறேன். மேடம் நாளைக்குக் கோபப்பட்டாலும் பரவாயில்லை. அந்தத் தளிரை ஒரு தடவை பார்த்துவிட்டால், அம்மா எதற்காக எடுத்து வந்தாள் என்று அவருக்குக் கண்டிப்பாகப் புரி

கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மாவிடம் சாவி இருக்கிறது. அம்மா தட்ட மாட்