கிளட்ச் அக்காவின் இடது கால்

டிப்போவில் அவளுக்குக் கிளட்ச் அக்கா என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். சேர்ந்த புதிதில் ஒரு பெரிய மனிதர், "பொம்பளை ஓட்டுற வண்டியா?" என்று முகம் சுளித்து இறங்கிப் போனார். அன்றைக்கு வேறு வண்டியே வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அடுத்த டிரிப்பில் அதே நிறுத்தத்தில் அவர் வெயிலில் வெந்துகொண்டு நின்றார். அக்கா கதவைத் திறந்தாள். "இப்பவும் பொம்பளைதான் ஓட்டுறேன். பரவாயில்லையா?"

அவள் ஓட்டிய வண்டியின் கிளட்ச் இரும்புக் கதவைக் காலால் தள்ளுவது போல இருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் முறையாவது மிதிக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியதும் இடது முழங்கால் முனக ஆரம்பித்தது. ஆறே மாதத்தில் முனகல் அலறலானது. இருக்கையிலிருந்து இறங்கவே கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நாலு கெட்ட வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கணவர் சலூன் வைத்திருக்கிறார். உலகத்து வியாதிகளுக்கெல்லாம் அவரிடம் ஒரே வைத்தியம், எண்ணெய் போட்டுத் தேய்ப்பது. தினமும் காலையில் மனைவியின் முழங்காலைத் தேய்த்து, கடைசியில் பழக்க தோஷத்தில் இரண்டு தட்டும் தட்டுவார்.

"யோவ், அது தலை இல்லய்யா!"

"எல்லாம் ரத்த ஓட்டம்தாம்மா."

தெருமுனை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது, எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்றார். அக்காவிடம் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. அதிலிருந்த அவள் படத்தைப் பார்த்தால் போலீஸ் தேடுகிறவள் போல இருக்கும். காப்பீட்டு அலுவலகத்தில், அட்டையை ஏற்கும் எலும்பு டாக்டர்கள் என்று பதினேழு பேரின் பட்டியல் கொடுத்தார்கள்.

வார விடுமுறை நாளில் அதை எடுத்துக்கொண்டு கணவரின் சலூனில் போய் உட்கார்ந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். முகமெல்லாம் நுரையோடு இருந்த வாடிக்கையாளர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"டாக்டர் இருக்காருங்களா?"

"இல்லைங்க, போயிட்டாரு."

"எப்ப வருவாரு?"

"போன வருஷமே போயிட்டாருங்க."

நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "அக்கா, மேல அந்த அட்டையை எடுப்பாங்களான்னு கேளுங்க."

இரண்டாவது எண் ஒரு துணிக்கடை. மூன்றாவது இடத்தில் அட்டையை ஏற்பார்களாம், ஆனால் கைக்கு மட்டும்தானாம். "அப்ப நான் கையாலதான் கிளட்சை மிதிக்கணுமா?" என்று கேட்டு வைத்தாள். ஐந்தாவது இடத்தில் ஒரு பெண் குரல், தேன் ஒழுக.

"இப்ப புது நோயாளிகளை எடுக்கறதில்லைங்க. பழைய நோயாளின்னா வரலாம்."

"பழைய நோயாளி ஆகணும்னா என்ன பண்ணணும்?"

"முதல்ல புது நோயாளியா வரணும்."

இன்னொரு இடத்தில் பதினோரு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். பதினான்காவது எண்ணை எடுத்தவர் ஆடு மாடு பார்க்கிற டாக்டர், குதிரையும் பார்ப்பாராம். "குதிரைன்னே சொல்லிடேன்," என்றார் கணவர், சீப்பை நிறுத்தாமல். "நீ விடுற உதைக்கு நம்பிடுவாங்க." சலூனே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். ஆனால் பதினேழாவது எண் மணியடித்து மணியடித்து ஓய்ந்தபோது பட்டியலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். வண்டி ஓட்ட முடியாமல் போனால் டிப்போவில் டிக்கெட் கட்டு எண்ணுகிற மேசையில் உட்கார வைப்பார்கள். அந்த மேசையை நினைத்தால்தான் கால்வலியைவிட அதிகம் வலித்தது.

மறுநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது பொறி தட்டியது. ஊரில் இருக்கிற நொண்டிக் கால்களில் பாதி தினமும் இந்தப் படியில்தானே ஏறுகின்றன? அன்றிலிருந்து கைத்தடியோடு யார் ஏறினாலும் விசாரணைதான். "எந்த டாக்டர்? எந்த அட்டை?" ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "டிக்கெட் கொடுக்கவா, மருந்துச்சீட்டு கொடுக்கவா?"

மூன்றாவது வாரத்தில், வழக்கமாக வருகிற ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் ஏறினார். வருடக்கணக்காக அவரை இரண்டு பேர் தூக்கித்தான் படியேற்றுவார்கள். அன்று டக் டக்கென்று தானே ஏறி வந்தார். அக்கா வண்டியை எடுக்கவில்லை.

"சார், யாரு பண்ணது இது?"

"என்னதும்மா?"

"காலு!"

பின்னால் இரண்டு லாரிகள் ஹாரனை அலற விட்டன. கண்டக்டர் விசிலை ஊதி ஊதிப் பார்த்தார். "விஷயம் தெரியாம வண்டி நகராது," என்றாள் அக்கா. தபால்காரர் பயந்துபோய் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: சந்தைக்குப் பின்னால், டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இந்த அட்டைதான், பட்டியலில் காது மூக்கு தொண்டைப் பக்கத்தில் தவறாகப் போட்டிருக்கிறார்கள்.

"எலும்பு டாக்டரு, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியிலயா?"

"ஏறி வந்தாலே பாதி பரிசோதனை முடிஞ்சுதுன்னு சொல்வாங்க."

ஐம்பத்து நாலு படி. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எழுந்து ஏறினாள். கணவர் எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். மேலே மேசையில் இருந்த நர்ஸ் அட்டையை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"இந்த அட்டையை எடுப்பீங்களா?"

"எடுப்போம்."

"காலுக்கு?"

"காலுக்கும்தான்."

"புது நோயாளிக்கு?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, மாட்டோம்னு சொன்னாத்தான் உட்காருவீங்களா?"

அக்கா உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. படியேறியதில் வந்த வேர்வை என்று கணவரிடம் சொல்லிவிட்டாள்.

டாக்டர் குள்ளமான அம்மாள், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்தார். அக்காவைப் படுக்க வைத்து, காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். டயர் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்து விழுந்தது.

"இடுப்பு மூட்டு," என்றார் டாக்டர், அந்த வார்த்தையைக் காதில் வாங்காதவர் போல.

"டாக்டரம்மா, வலி முழங்கால்ல."

"வலி அங்க. வில்லங்கம் இங்க. சில பேருக்கு அப்படித்தான் ஏமாத்தும்."

கணவரின் முகம் தொங்கிவிட்டது. "நாலு பாட்டில் எண்ணெய் தேய்ச்சேனே, தப்பான இடத்துல."

"வீணாகலை. முழங்கால் நல்லா பளபளன்னு இருக்கு."

இன்னொரு எக்ஸ்ரே அதை உறுதி செய்தது. ஆறு வாரம் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை, எல்லாம் அட்டையிலேயே. அனுமதிக் கடிதத்தில் 'வலது' என்று வந்திருந்தது. திருத்தி வாங்கியும் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. வார்டில் மார்க்கர் பேனா வாங்கி வலது தொடையில் 'இது இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டாள். மயக்கம் தெளிந்து பார்த்தபோது அதற்குக் கீழே 'தெரியும்' என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பிறகு நாலு மாதம் வீட்டில். நாற்காலியில் இருந்தபடியே கணவரை ஓட்டினாள்: "லெஃப்ட்ல ஒடிங்க, பாத்திரம் இடிக்கும்." அவள் வேலைக்குத் திரும்பிய அன்று அவர் சலூனைச் சீக்கிரமே திறந்துவிட்டார். அக்கா வண்டியில் ஏறி கிளட்சை மிதித்தாள். வலிக்கவில்லை. மறுபடி மிதித்தாள். கண்டக்டர் இருக்கையில் இப்போது வேறு ஆள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பழுதாக்கா?" என்றார். "இல்லப்பா, சரியா இருக்கு," என்றாள். மூன்றாவது தடவையும் மிதித்தாள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. காப்பீட்டு அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்து, பட்டியலில் டாக்டரம்மாவைத் தொண்டையிலிருந்து எலும்புக்கு மாற்ற வைத்தாள். மாற்றிய எழுத்தர் மகா கெட்டிக்காரர். விண்ணப்பத்தில் இருந்த அக்காவின் போன் எண்ணையே டாக்டரின் எண்ணாகப் பதிந்துவிட்டார்.

இப்போது டிப்போவில் டீ குடிக்கிற நேரத்தில் போன் அடிக்கும்.

"எலும்பு டாக்டருங்களா?"

"இல்லைங்க, பஸ் டிரைவர். சொல்லுங்க, எந்தக் காலு?"