ஏழு தண்ணி

என் தம்பி யோகநாதன் ஒட்டுசுட்டானில் பெண் எடுத்தபோது நான் அவனோடு மூன்று மாதம் கதைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குப் பஞ்சமா? போயும் போயும் யானை திரிகிற ஊரில், காடு வெட்டிச் சேனை செய்கிற வீட்டில் போய் விழுந்தானே என்று எனக்கு வயிறு எரிந்தது. இலட்சுமி ஒரு பசுமாட்டோடும் ஒரு சாக்கு விதையோடும் வந்து இறங்கினாள். "காட்டுக்காரி" என்றுதான் நான் சொல்வேன். அவள் காதுபடவே சொல்வேன். என் வாய் அப்படிப்பட்ட வாய். இந்த வயதில் அதை மூடி மறைத்து என்ன காணப்போகிறேன்?

ஐம்பத்துநாலில் நாங்கள் வட்டக்கச்சிக்குக் குடியேறி வந்தோம். எங்கள் வயலும் தம்பியின் வயலும் பக்கத்துப் பக்கம். நாங்கள் நெல்லைத் தவிர வேறொன்றையும் நிமிர்ந்து பார்க்காத ஆட்கள். அவளோ மேட்டுக்காணியில் சோளன் போட்டாள், பூசணி போட்டாள், வேலி நீளத்துக்குக் காட்டவரையைப் படரவிட்டாள். மார்கழி பிறந்தால் பால்பிடித்த சோளனை உரித்து, முத்துகளைச் சீவியெடுத்து, அவித்த காட்டவரைக் கொட்டையோடு சேர்த்து, தேங்காய்ப்பால் விட்டு இறக்குவாள். மணம் எங்கள் குசினிக்குள் வரும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மணம். "கிளியும் பன்றியும் தின்கிற சாமான்" என்று சொல்லி ஒருநாளும் நான் வாயில் வைத்ததில்லை.

அந்தக் கொட்டையை அவிக்கிறது ஒரு பெரும்பாடு. முதல்நாளே ஊறப்போட வேண்டும். பிறகு அவிப்பாள், தண்ணீரை வடிப்பாள். புதுத்தண்ணீர் விட்டு அவிப்பாள், வடிப்பாள். அப்படி ஏழு தண்ணி. எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். நான் தண்ணீரைக் கொட்டாத வீட்டில் பிறந்தவள். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த ஊர் எங்களுடையது. பயறு அவித்த தண்ணீரில் இரசம் வைப்போம். கீரை அவித்த தண்ணீரில் சொதி வைப்போம். சத்தெல்லாம் தண்ணீரில்தானே இறங்குகிறது, அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவள் என்ன குடும்பப்பெண்?

"ஏனடி உந்தத் தண்ணியைக் கொட்டுறாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ஆகாது மச்சாள்" என்றாள். அவ்வளவுதான். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல.

ஆகாது! எங்கள் ஊரில் சிரங்குக்காரனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. செவ்வாய்க்கிழமை பயணம் ஆகாது. இரவில் வீடு கூட்டினால் ஆகாது. இதுவும் அப்படியொரு காட்டுச் சாத்திரம் என்று நான் நினைத்தேன். அவளுடைய ஊரில் "ஆகாது" என்றால் ஆளை முடித்துவிடும் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.

ஐம்பத்தேழு மார்கழியில் வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். ஐம்பது பேர் வரை, அவர்களோடு ஆடு, மாடு, கோழி எல்லாம். மூன்றாம் நாள் அரிசி முடிந்தது. ஆம்பிளையள் கொஞ்சப்பேர் வாழைத்தண்டில் தெப்பம் கட்டிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் உதவி தேடிப் போனார்கள். என் வீட்டுக்காரரும் போனார், தம்பியும் போனான்; மிஞ்சினது நாற்பத்துமூன்று பேர். என் மகள் ஜெகதீஸ்வரிக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சலில் கிடந்து, "அம்மா பசிக்குது, பசிக்குது" என்று ஈனமாக முனகிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

இலட்சுமி ஒருத்தியாகக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது அவள் தலையில் ஒரு சாக்கு. பாதி சோளன்பொத்தி, பாதி பரணில் கிடந்த காட்டவரைக் கொட்டை. அன்று பின்னேரமே கொட்டையை ஊறப்போட்டாள். மறுநாள் விடிந்ததும் பெரிய பானையை ஏற்றினாள். கூரையால் வடிகிற மழைத்தண்ணீரைப் பிடித்துத்தான் சமையல். விறகு எல்லாம் நனைந்து போனதால் பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளில் உடைந்தவற்றைக் கொத்தி எரித்தோம்.

முதல் தண்ணீரையும் இரண்டாம் தண்ணீரையும் அவள் வெளியே ஊற்றவில்லை. ஆடு மாடு நக்கிவிடும் என்று ஒரு வாளியில் வடித்து, மூடி, பின்சுவரோரம் வைத்தாள். மழை விட்டதும் ஓடுகிற வெள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டப் போகிறாளாம். "அது ஆகாது, ஒருத்தரும் தொடாதேங்கோ" என்று அன்றும் சொன்னாள்.

மூன்றாம் தண்ணி, நான்காம் தண்ணி. உச்சி திரும்பிவிட்டது. சனம் பானையைச் சுற்றி நின்றது. பசி கண்ணை மறைக்கிற நேரம். தில்லைநாதன் என்று ஒரு முன்கோபி, எங்கள் வாய்க்காலின் கடைசிக் காணிக்காரன், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

"கொட்டை வெந்து போச்சு. பிள்ளையள் சாகுதுகள். இறக்கு பானையை!"

"இன்னும் மூண்டு தண்ணி இருக்கு அண்ணை."

"எரிக்க வாங்கு இல்லை, உனக்கு இன்னும் மூண்டு தண்ணியோ?"

அவள் அகப்பையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். "இறக்கமாட்டன்" என்றாள். என் முழங்கை உயரம் இருப்பாள், அந்த ஆளை அப்படியே மறித்துக்கொண்டு நின்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இவர்கள் இழுபறிப்படட்டும் என்று மெல்லப் பின்பக்கம் போனேன். வாளியைத் திறந்தேன். கொழுகொழுவென்று மண்ணிறத் தண்ணீர், அருமையான அவரை வாசம். நாலு நாளாக நல்ல சாப்பாடு காணாத பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? பக்கத்தில் கரியடுப்பு ஒன்று கணகணவென்று இருந்தது. தண்ணீரை மொண்டு, உப்பும் நாலு மிளகும் தட்டிப் போட்டு, ஒரு கொதி விட்டு, பிள்ளைக்கு இரண்டு தகரப்பேணி பருக்கினேன். அவள் ஆவென்று குடித்தாள். எனக்குள் பெருமை வேறு. காட்டுக்காரி கொட்ட வைத்ததில் நான் ஒரு உயிருக்கு இரசம் வைத்துவிட்டேனாம்!

இரண்டு மணித்தியாலம் போயிருக்கும்; முன்னால் ஏழாம் தண்ணி கொதித்துக்கொண்டு இருந்தது. பிள்ளை ஓங்காளித்தாள். பிறகு சுருண்டாள். கண் மேலே சொருகியது, கைகால் சில்லிட்டது. "ஐயோ என்ர பிள்ளை!" என்று நான் போட்ட கூச்சலில் முழுப் பள்ளிக்கூடமும் ஓடி வந்தது.

"என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டது பரமலிங்கம் மாஸ்ரர். பள்ளிக்கூடமும் அவர் பொறுப்பு, நாங்களும் அவர் பொறுப்பு.

நாற்பது முகம் என்னைப் பார்த்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியும் என் வாயில் வந்தது இதுதான்: "இலட்சுமியின்ர பானையிலையிருந்து ஒரு வாய்..."

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தைச் சனம் சொன்னது. நஞ்சு, காட்டுக்காரி, எங்களைக் கொல்லப் பார்த்தாள் என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். தில்லைநாதன் பானையைக் கவிழ்க்க ஓடினான். நாற்பத்துமூன்று பேருக்கு இருந்த ஒரே சாப்பாடு அது. இலட்சுமி பானைக்கு முன்னால் விழுந்து மறித்தாள். அப்போதுதான் ஏழாம் தண்ணி வடிந்திருந்தது. கொதிக்கக் கொதிக்க ஒரு அகப்பை கொட்டையைக் கையில் போட்டு, எல்லோரும் பார்க்க வாய்க்குள் திணித்தாள். வாய் வெந்து கண்ணால் தண்ணீர் ஓடியது. மென்று விழுங்கினாள்.

"பாருங்கோ. நல்லாப் பாருங்கோ. எனக்கு ஏதும் வந்தால் கவிழுங்கோ."

பிறகு நேரே என்னிடம் வந்தாள். பிள்ளையின் வாயை மோந்து பார்த்தாள். எழும்பிப் பின்சுவர் மட்டும் போய், திறந்து கிடந்த வாளியைப் பார்த்துவிட்டு வந்தாள். என் காதோடு குனிந்தாள்.

"மச்சாள், எவ்வளவு குடுத்தனீங்கள்?"

நான் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தேன்.

"மானம் பார்க்கிற நேரம் இல்லை மச்சாள். பிள்ளை போயிடும். எவ்வளவு?"

"ரெண்டு பேணி" என்றேன். அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.

அவள் பிள்ளையைப் பறித்தெடுத்தாள். உப்புக் கரைத்து வாயில் ஊற்றினாள், கோழியிறகைத் தொண்டையில் விட்டாள். வாந்தி எடுத்தாள் பிள்ளை. மறுபடி உப்புத்தண்ணீர், மறுபடி இறகு. வெறும் நுரை வருகிறவரைக்கும் விடவில்லை. "போதுமடி, செத்துப்போவாள்" என்று நான் கையைப் பிடித்தேன். ஒரு தள்ளுத் தள்ளினாள், சுவரோடு போய் விழுந்தேன். கடைசியில் ஆறவைத்த தண்ணீரில் சர்க்கரை கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பொழுது சாய்கிற நேரம் பிள்ளையின் கைகாலில் சூடு வந்தது. கண் திறந்து, "மாமி" என்றாள். என்னை அல்ல, அவளைத்தான் கூப்பிட்டாள்.

"இப்ப சொல்லு, என்ன நடந்தது?" என்றார் மாஸ்ரர்.

இலட்சுமி என்னைப் பார்க்கவே இல்லை. "பானைக்கு ஒண்டுமில்லை ஐயா. கழிச்ச தண்ணியை நான்தான் ஒழுங்கா மூடாமல் விட்டிட்டன். பிள்ளை தெரியாமல் மொண்டு குடிச்சிட்டுது, மச்சாள் அதைப் பானையெண்டு நினைச்சிட்டா. பிழை என்ர."

எழுந்து சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஊமை மாதிரி இருந்தேன்.

"இனி நீ அடுப்படிக்குப் போகாதை" என்றார் மாஸ்ரர். "கமலாசனி, நீர் பரிமாறும்."

அட கடவுளே, அவள் காய்ச்சிய சாப்பாட்டை நான் அகப்பையால் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். அவள் உரித்து வைத்த சோளனைச் சேர்த்து, மிதந்து வந்த தேங்காயைப் பிழிந்து மற்றப் பெண்கள் பால் விட்டிருந்தார்கள். சோளன் முத்து பல்லில் வெடித்து இனித்தது, கொட்டை வெண்ணெயாகக் கரைந்தது. நாற்பத்துமூன்று பேரில் ஒருவருக்கும் ஒரு சின்ன வயிற்றுவலிகூட வரவில்லை. கடைசியாக அவள் கோப்பையை நீட்டினாள். நான் போட்டேன். வாங்கிக்கொண்டு மாடு கட்டிய பக்கமாகப் போய் இருந்து தின்றாள்.

மறுநாள் உதவி வந்தது, வெள்ளம் வடிந்தது. வடியாமல் நின்றது அந்தக் கதை ஒன்றுதான். "ஏழு தண்ணி இலட்சுமி" என்று பெயர் வைத்தார்கள். கோயில் பொங்கலா, செத்தவீடா, அவளுக்குத் தேங்காய் துருவுகிற வேலைதான். அகப்பையை ஒருவரும் அவள் கையில் கொடுக்கவில்லை. ஆர் அவள் வீட்டுக்குப் போனாலும், ஒரு தட்டு பலகாரம் வைத்தால், முதலில் தான் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்காட்டுவாள். பிறகுதான் தட்டைத் தள்ளுவாள். அப்படி அவள் செய்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சில் ஊசி ஏறும். ஏறி என்ன? வாயைத் திறந்தேனா? என் மகளும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

அறுபத்தொன்பது ஆவணியில் ஜெகதீஸ்வரிக்குக் கலியாணம் பொருந்தியது. பலகாரச் சூட்டுக்கு நல்ல நாள் பார்த்தோம். அடுப்பு மூட்டி, தாச்சியில் எண்ணெய் வைத்து, முதல் பலகாரம் போடுகிற உரிமை தாய்மாமன் பெண்சாதிக்கு. சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் குசினி நிறைய இருந்தார்கள். என் மகள் என்னை ஒதுக்கிக் கூப்பிட்டாள். ஒதுக்கி என்றாலும் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, மாமியை அடுப்புக்கு விடாதேங்கோ. என்னைச் சாகக் குடுத்த கை. அந்தக் கை ஆகாது."

இலட்சுமிக்கும் கேட்டது. அவள் எழும்பி, மூலையில் கிடந்த துருவலையை இழுத்துத் தேங்காய் துருவ இருந்தாள். பழகிப் போன இடம் அவளுக்கு.

எனக்குள் என்னவோ அறுந்தது. "ஆகாத கை அவளின்ரை இல்லையடி, என்ரை!" என்று கத்தினேன். "வாளியைத் திறந்தது நான். காய்ச்சினது நான். உனக்குப் பருக்கினது நான். பானையிலை நஞ்செண்டு பொய் சொன்னதும் நான். உன்னை இழுத்துப் பிடிச்சது அவள். இவ்வளவு நாளும் வாய் மூடிக்கொண்டு இருந்தனான், நாசமாய்ப் போவாள் நான்!"

நான் இலட்சுமியின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் இழுத்துக்கொண்டாள்.

"பன்னிரண்டு வருசம் மச்சாள்" என்றாள். "ஒரு நாளைக்குச் சொல்லுவியள், ஒரு நாளைக்குச் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான். பன்னிரண்டு வருசம்." வெள்ளத்திலும் அழாதவள், அன்று துருவலையில் இருந்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஜெகதீஸ்வரி போய் மாமியைத் தூக்கி நிறுத்தினாள். அடுப்படிக்குக் கூட்டிவந்து மணைக்கட்டையில் இருத்தினாள், எண்ணெய்க்கரண்டியைக் கையில் கொடுத்தாள். இலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாவை எடுத்து, முதல் பயற்றம் பணியாரத்தை எண்ணெயில் விட்டாள். பொன்னிறமாக எழும்பி வந்தது.

முதல் பணியாரம் பிள்ளையாருக்கு. அது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் கை தன்பாட்டில் அதைப் பிய்த்து, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்து, தன் வாய்க்கு நேரே போனது. பாதியில்தான் அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். கை அந்தரத்தில் நின்றது.

ஜெகதீஸ்வரி அந்தக் கையைப் பிடித்தாள். "நீங்கள் திண்டு காட்டவேண்டாம் மாமி" என்று சொல்லி, சூடு ஆறாத அந்தத் துண்டை அவள் விரலிலிருந்து தன் வாயால் வாங்கிக்கொண்டாள். பிள்ளையாருக்கு இரண்டாவதை எடுத்து வைத்தோம்.