முப்பத்திரண்டாவது முளை

அபூதாஹிர் மூன்றாந்தரமும் எண்ணினார். முப்பத்தொன்று. யா அல்லாஹ், மறுபடியும் முப்பத்தொன்றுதான்!

நான்கு கூடாரம், கூடாரத்துக்கு எட்டு இரும்பு முளை. நேற்றுப் பின்னேரம் தன் கையாலேயே முப்பத்திரண்டையும் மணலில் அடித்தவர் அவர். விருந்தாளிகள் விடியவே வான் வண்டியில் புறப்பட்டுப் போய்விட்டார்கள். சட்டி பானைகளையும் சாம்பல் டின்னையும் மகன் இக்ராம் ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். குச்சவெளிக்கு வடக்கே அந்த நீண்ட கரையில் முளைப் பையோடு அவர் மட்டும் நின்றார்.

கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருகிறவர்களைக் கடற்கரையில் தங்கவைப்பதுதான் ஆறு வருடமாக அவருடைய தொழில். ஊரில் அவர் பெயர் 'கூடாரக் காக்கா', அதாவது கூடார அண்ணன். அவரிடம் சட்டங்கள் கடுமை. மணலில் நெருப்பு மூட்டக் கூடாது. கால் வைத்த இரும்புத் தாச்சிச் சட்டிக்குள்தான் மூட்ட வேண்டும். ஆமை கரையேறும் மாதங்களில் வெள்ளை வெளிச்சம் ஆகாது. குப்பையைப் புதைத்தால் நாய் கிளறும், ஆகவே எல்லாம் திரும்பப் பைக்குள். சாம்பலைக்கூட டின்னில் அள்ளிக்கொண்டு போவார். மனைவி நபீஸாவுக்குச் சட்டி மினுக்க உதவும்.

ஆனால் அந்தக் கரை அவருடையதல்ல. அது கரைவலைக்காரர்கள் வலை இழுக்கும் இடம், அவர்களின் பாடு. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வின்சன்ட் ஒரே ஒரு நிபந்தனையோடுதான் இடம் விட்டிருந்தார்: "காக்கா, கூடாரம் இருந்த இடம் தெரியப்படாது. தெரிஞ்சா அந்த நாளோட சரி."

வலை கடலுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு கயிற்றையும் பிடித்து ஆட்கள் வரிசையாக நின்றார்கள். இன்னும் சற்று நேரத்தில் வலையின் மடி, அந்தப் பெரிய பை, மீன் நிறைந்து இதே மணலில் ஏறும். ஒரு முளை போதும், மடியைக் கிழிக்க. இழுப்பவனின் பாதத்தையும் கிழிக்க.

பேசாமல் போய்விடலாமா? ஒரு கணம், ஒரே கணம், அந்த எண்ணம் வந்தது. அடுத்த கணம் ஈர மணலில் கால் புதையப் புதைய ஓடினார்.

"வின்சன்ட் அண்ணன்! இழுக்காதீங்க! முளை ஒண்டக் காணல்ல!"

வின்சன்டின் முகம் கறுத்தது. "நிப்பாட்டுங்கோடா!"

கயிறு பிடிக்கப் பாதிப் பேரை விட்டுவிட்டு, மீதிப் பேர் முழங்காலிட்டு மணலை அளைந்தார்கள். அலை வலையை இழுக்க, கயிற்றில் நின்றவர்கள் பல்லைக் கடித்தார்கள்.

"காக்கா, நெருப்புக்குச்சிகூடக் கிடக்கப்படாது எண்டு விருந்தாளிமாருக்கு ஓதுறதைக் கேட்டனான். இப்ப நீங்களே இரும்பு நட்டிட்டியளோ?" என்றான் மணலை அளைந்துகொண்டிருந்த வலையாள் கிருஷாந்த். எல்லாரும் சிரித்தார்கள். அபூதாஹிருக்குக் கண் கலங்கியது. ஆறு வருட நல்ல பெயர் மணலோடு விரலிடுக்கில் வழிவதுபோல் இருந்தது.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அலறியது. நபீஸா.

"இக்ராம்ட வாப்பா! சாம்பல் டின்னுக்குள்ள என்னத்துக்கு இந்தக் கம்பி? என்ட விரல் கிழிஞ்சி போச்சி!"

நேற்றுத் தேத்தண்ணிக்குத் தணல் கிளற இடுக்கி கைக்கு எட்டவில்லை. அடித்த முளையொன்றைப் பிடுங்கிக் கிளறியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது! சாம்பலோடு சாம்பலாக அதையும் அள்ளி டின்னில் போட்டிருக்கிறார். அவர் தொப்பென்று மணலில் உட்கார்ந்து, சிரிப்பும் கண்ணீருமாக விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப சொல்லாம விட்டிருந்தாலும் ஒண்டும் நடந்திராது," என்றான் கிருஷாந்த்.

"ஓம்," என்றார் வின்சன்ட். "ஆனா இவர் சொன்னபடியாத்தான், நாளைக்கும் இந்த மணலை நம்பி வலை இழுப்பன்." பிறகு அபூதாஹிரைப் பார்த்தார். "வாற கிழமையும் வாங்கோ காக்கா. இரும்பு மட்டும் என்ர கரைக்கு வரப்படாது. இப்ப எழும்பிக் கயித்தைப் பிடியுங்கோ."

அபூதாஹிர் பிடித்தார். அன்று மடி நிறையப் பாரை மீன்.

முளைகளின் இடத்தில் இப்போது துணிப் பைகள். பழைய கூடாரத் தறப்பாளை வெட்டி நபீஸாதான் தைத்தாள். மணலை நிரப்பி, கூடாரக் கயிற்றைக் கட்டி, முழ ஆழத்தில் புதைத்தால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கும் அசையாது. விடிந்ததும் தோண்டியெடுத்து, கிடந்த மணலைக் கிடந்த இடத்திலேயே கொட்டிவிட்டு, பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். தைக்கும்போது நபீஸா கேட்டாள்:

"இதாலயும் தணல் கிளறுவீங்களோ?"