தாய்மாமன் வேலைக்கு ஆள் தேவை

என் வாழ்நாளில் எந்த இடத்துக்கும் நான் நேரத்தோடு போய்ச் சேர்ந்ததில்லை. ஒரே ஒரு முறை சேர்ந்தேன். அதுவும் தவறான முகவரிக்கு.

பிள்ளை வேண்டி நானும் என் மனைவியும் ஒரு கிளினிக்குக்கு நடையாய் நடந்த காலம் அது. என்னிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுத்து உறைய வைத்தார்கள். அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் மனைவி நோயில் விழுந்து இறந்துபோனாள். அந்தக் குளிர்பெட்டியில் எனக்கென்று ஒரு குப்பி இருப்பதையே நான் மறந்துபோனேன். கிளினிக் மறக்கவில்லை. யாரோ குப்பியை மாற்றி எடுக்க, வேறொரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று வயதில் அவளுக்கு டெங்கி வந்து ரத்தம் சோதித்தபோதுதான் தகப்பனின் ரத்தத்தோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. தகப்பன் என்று அதுவரை இருந்தவர் பெட்டியோடு ஜொகூருக்குப் போய்விட்டார். விவாகரத்தும் ஆனது. கடைசியில் வக்கீல்கள் தேடிப்பிடித்த ஆள், ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும், தலையில் முடி குறைந்த நான்.

பிள்ளையின் தாய் என்னைத் துரத்தவில்லை. சனிக்கிழமைகளில் வந்து பார்க்கலாம் என்றாள். மலையடிவாரத்துப் பூங்காவில் பிள்ளை ஊஞ்சல் ஆடும், நாங்கள் ஒரு பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்திருப்போம். நான் சொல்லும் நகைச்சுவைக்கு அவள் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாள், சிரிக்கத்தக்கதுதானா என்று சரிபார்த்துவிட்டு. பிறகு கையை நீட்டுவாள்.

"கண்ணாடிய குடுங்கண்ணே. ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கிறீங்க, உங்க கண்ணாடியில வாழைப்பழம் ஒட்டியிருக்கு."

தன் துப்பட்டா நுனியால் துடைத்துத் தருவாள். நான் வெள்ளிக்கிழமையே கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன். ஐம்பதை எட்டியவன் காதலில் விழுந்தால் இவ்வளவுதான் சாகசம் செய்ய முடியும்.

அந்த 'அண்ணே'தான் தொல்லை. ரொட்டி சானாய் வீசுகிறவரும் அண்ணே, டயர் மாற்றுகிறவரும் அண்ணே, இதில் மனம் நோக ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டு, வீடு வரைக்கும் மனம் நொந்தபடியே வண்டி ஓட்டுவேன்.

பிள்ளைக்கு ஐந்தாம் வயது நடந்தது. ஒரு சனிக்கிழமை அவள் கேட்டாள்:

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? பாப்பாவுக்குக் காது குத்தணும். எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல. தாய்மாமன் மடியில உக்கார வச்சாத்தான் சரின்னு அப்பா சொல்றாரு. நீங்க உக்காரலாமா?"

"உக்காரலாம்," என்றேன். வாய் அப்படித்தான், என்னைக் கேட்டுப் பேசுவதில்லை.

என் நண்பனிடம் சொன்னேன். அவன் காப்பியைக் கீழே வைத்தான்.

"நீ அப்பன். அப்பன் எப்படி லா மாமனா உக்காருவான்? மச்சான், இப்படியே நேரா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போ. கட்டில் காலியா இருக்கும்."

சிரித்தேன். சிரிப்புக்குரிய விஷயமில்லை. குப்பி மாறிய கதை பிள்ளையின் தாத்தா பாட்டிக்கு மட்டும் தெரியும், மற்ற சொந்தங்களுக்கு நான் குடும்ப நண்பர். பத்துப் பேர் முன்னால் என் மகளை என் மடியில் வைத்துக்கொள்ள எனக்குக் கிடைத்த ஒரே அழைப்பு இது. ஆனால் அந்த மடி பிள்ளையின் தாய்க்கு அண்ணனாக இருப்பவனுக்கு உரியது. உட்கார்ந்து எழுந்தால் ஆயுளுக்கும் அண்ணன்.

கோயில், ஈப்போவுக்கு வெளியே லகாட் பக்கம். ரப்பர் தோட்டம் போய் அங்கே வரிசை வீடுகள் வந்துவிட்டன, கோயில் மட்டும் கார் நிறுத்துமிடத்துக்கு நடுவில் நகராமல் நிற்கிறது. மாமன் சீராகத் தோடு, கவுன், பழத்தட்டு எல்லாம் சுமந்துகொண்டு போனேன். அவளுடைய அப்பா என்னைச் சொந்தங்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

"நமக்கு மகன் மாதிரி."

பழத்தட்டு கையில் கனத்தது.

ஆசாரி ஊசியைத் துடைத்துவிட்டு, "மாமன் வந்து உக்காருங்க," என்றார். பிள்ளை என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். பாய்க்கு அருகே போனேன். அங்கேயே நின்றேன்.

"நான் உக்காரல."

எல்லாரும் பார்த்தார்கள். அவள் அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்ணே? முட்டி வலியா?"

நல்ல சாக்கு. கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டிருக்கலாம்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். சிரிப்பதற்கு முன் சரிபார்ப்பாளே, அதே பார்வை. சிரிப்பு வரவில்லை. அதற்குள் அவளுடைய பெரியம்மா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி வேதக்காரரு. கோயில்ல உக்கார யோசிக்கிறாரு. வற்புறுத்தாதீங்க."

ஞாயிறு தோறும் சர்ச்சில் கடைசி வரிசையில் தூங்குகிற என்னை மதம் முதல்முறையாகக் காப்பாற்றியது.

"அப்பா, நீங்க உக்காருங்க," என்றாள் அவள்.

பிள்ளை தாத்தா மடியில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள். அந்த அழுகையை நான் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். எட்டி நின்று, தோடு போட்ட சின்னக் காதுகள் சிவப்பதைப் பார்த்தேன்.

சாப்பாட்டுக்கு நிற்காமல் காருக்கு நடந்தேன். இனி சனிக்கிழமை கிடையாது என்று முடிவே செய்துவிட்டேன். பின்னால் கொலுசுச் சத்தம். பிள்ளை ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள், காது வலிக்கிறதாம். பின்னாலேயே அவளுடைய அம்மாவும் வந்தாள், கையில் பொங்கல் தட்டு. தட்டைக் கார் கூரைமேல் வைத்தாள்.

"கண்ணாடிய குடுங்க."

குடுங்க என்பதோடு நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வழக்கமாக வருவது வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. கழற்றிக் கொடுத்தேன். வழக்கத்தைவிட வெகுநேரம் துடைத்தாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் எனக்கு எதுவும் தெரியாது. அப்போது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று, தொழிலுக்கே அவமானம், எனக்குத் தெரியவில்லை.